60 வயதுக்கு மேல் கேன்சர்: கேரளாவில் அதிகம் என்கிறார்களே, ஊரைப் பார்த்துத்தான் வருமா?

தாமிரபரணிக்கரை கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது, அம்மாவுக்கு 63. இப்போது என்னோடு சென்னையில் இருக்கிறார்கள், ஆனால் ரெண்டு பேருக்கும் மனசு இங்கே ஒட்டவில்லை. அம்மாவுக்குக் குளச்சல் பக்கத்தில் கொஞ்சம் பூர்வீக இடம் இருக்கிறது, அதில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கொத்தனாரிடம் பேசி, பிளான்கூடப் போட்டாயிற்று. இந்த நேரம் பார்த்து சித்தப்பா குடும்ப குரூப்பில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டார். கேரளாவில் வயதானவர்களுக்குக் கேன்சர் அதிகமாம், அதை ஒட்டிய குமரி மாவட்டமும் அப்படித்தானாம், காரணம் கடற்கரைக் கருமணலில் இருந்து வரும் கதிர்வீச்சாம். கூடவே ஒரு வரைபடம்: மிசோரம் அடர் சிவப்பு, கேரளா சிவப்பு, பீகாரும் உத்தரப் பிரதேசமும் வெளிர் மஞ்சள்.

இப்போது அம்மா "அங்கே போய் நோயை வாங்கிக்கணுமா" என்கிறார். அப்பா "எங்க தாத்தா அந்த மணலில்தான் 90 வயசு வரை இருந்தார்" என்று சண்டைக்கு நிற்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு விஷயம். இந்த மாநில வித்தியாசம் உண்மையா? உண்மை என்றால், இந்த வயதில் ஊர் மாறுவதால் ஏதாவது கூடுமா, குறையுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தயவுசெய்து மஞ்சள் தண்ணீர் வைத்தியம் வேண்டாம்.

---

பழைய பதிவேட்டுக்காரன் பதில்:

சில வருடம் ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வெளிர் மஞ்சள். இந்தியாவில் கேன்சர் எண்ணிக்கையை எடுப்பது, ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981 கடைசியில் ஆரம்பித்த தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம். ஆரம்பத்தில் மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய மூன்று ஊர்களில்தான் அந்த ஊர் மக்களில் யாருக்கெல்லாம் நோய் வந்தது என்று எண்ணும் பதிவேடு. சென்னைக்கு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் பார்த்துக்கொள்கிறது. 2020இல் வந்த அறிக்கையில் (2012 முதல் 2016 வரையிலான கணக்கு) மொத்தம் 28 பதிவேடுகள். அதில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஒன்றுகூடக் கிடையாது. எண்ணவே இல்லாத இடத்துக்கு வெளிர் மஞ்சள் பூசினால் பார்க்கிறவர்கள் "அங்கே நோய் கம்மி" என்றுதானே நினைப்பார்கள். வரைபடம் போட்டவருக்கு ஒரு கும்பிடு.

அடுத்து கேரளா. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று சும்மா வகுத்தால் கேரளா மேலே வரும், வரத்தான் செய்யும். 2011 சென்சஸில் 60 தாண்டியவர்கள் கேரளாவில் 12.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4, நாடு முழுவதும் 8.6, பீகாரில் 7.4. கேன்சர் பெரும்பாலும் வயதானவர்கள் நோய். கிழவர்கள் அதிகம் இருக்கிற ஊரில் நோயாளிகளும் அதிகம் இருப்பார்கள், மணலுக்கும் இதற்கும் சம்பந்தமே தேவையில்லை. இதைச் சரிக்கட்டத்தான் வயதைச் சீராக்கிய விகிதம் என்று ஒன்று போடுகிறார்கள், அதாவது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வயதுக் கலவை இருந்தால் எவ்வளவு வரும் என்று. அப்படிப் போட்ட பிறகும் வித்தியாசம் மறையாது, அதுவும் உண்மை. அதே அறிக்கையில் ஆண்களில் மிசோரத்தின் ஐசால் மாவட்டம் லட்சத்துக்கு 269.4, மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத், பீட் பகுதி 39.5. கிட்டத்தட்ட ஏழு மடங்கு. பெண்களில் அருணாசலத்தின் பாபும் பாரே 219.8, அதே உஸ்மானாபாத், பீட் 49.4.

ஆனால் உங்கள் கேள்வி வயதானவர்களைப் பற்றியது, அங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தச் சீராக்கலுக்குப் பயன்படுத்துவது 1960இல் செகி என்ற ஜப்பானியர் வகுத்து, பிறகு கொஞ்சம் திருத்தப்பட்ட ஒரு கற்பனை உலக மக்கள்தொகை. அதில் 100 பேரில் 60 தாண்டியவர்கள் 11 பேர்தான், 75 தாண்டியவர்கள் வெறும் 2 பேர். அதாவது 78 வயதுத் தாத்தாக்களுக்கு ஒரு ஊரில் எவ்வளவு நோய் வந்தாலும் இந்த எண்ணில் அவர்கள் குரல் ஏறக்குறைய கேட்காது. "நாலில் ஒருவருக்குக் கேன்சர் வர வாய்ப்பு" என்று ஐசால் ஆண்களுக்கும் பாபும் பாரே பெண்களுக்கும் சொல்கிற கணக்கும் 74 வயதோடு நின்றுவிடும். வயதானவர்களை ஊர்வாரியாக ஒப்பிட வேண்டும் என்றால் 60-64, 65-69, 70-74 என்று தனித்தனியாக வயதுவாரி அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அது அறிக்கைகளில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் வராது.

இன்னொன்று, திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்கிற அரசு கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், அதனால்தான் கேரளா எண்ணிக்கை ஏறுகிறது என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. நோய் கண்டுபிடிப்பதற்கு முன் குறைந்தது ஒரு வருடமாவது அந்தப் பகுதியில் குடியிருந்தவரைத்தான் அந்தப் பதிவேடு எண்ணும். சிகிச்சைக்கு எங்கே போனார் என்பது கணக்கில்லை. ஒரே ஆளை ரெண்டு ஆஸ்பத்திரியில் ரெண்டு எழுத்துப்பிழையோடு எழுதி வைத்திருப்பார்கள், அதைச் சேர்த்து ஒருவராக்குவதற்கே எங்கள் பாதி வேலை போய்விடும்.

---

மலைப்பாதை பதில்:

ஐசாலில் சில வருடம் வாத்தியாராக இருந்தேன், அதனால் அந்த அடர் சிவப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அங்கே கேன்சர் என்பது யாரோ எங்கேயோ சொல்கிற செய்தி இல்லை, தெருவுக்குத் தெரு இருக்கும். வயிற்றுக் கேன்சர்தான் ஆண்களில் முதலிடம், உணவுக்குழாய், நுரையீரல் அப்புறம். காரணம் என்று ஒன்றைக் கை காட்ட முடியாது, ஆனால் பழக்கவழக்கத்தைப் பார்த்தால் புரியும். 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பில் மிசோரத்தில் பெரியவர்களில் 58.7 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறவர்கள். தமிழ்நாட்டில் 20, கேரளாவில் 12.7. அதில் பெண்களும் நிறைய, வயதான பாட்டிமார் உட்பட. நம்மூரில் கேள்விப்படாத ஒரு வகையும் உண்டு: துய்பூர். புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்தி, அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் விற்பார்கள், ஒரு மடக்கு வாயில் வைத்திருந்து துப்ப வேண்டும். அந்த வாசனையை எனக்குக் கடைசி வரை சகிக்க முடியவில்லை. கூடவே அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை போட்ட பன்றி இறைச்சி, சா-உம் என்று புளிக்க வைத்த பன்றிக் கொழுப்பு, உப்பு. வயிற்றில் வாழும் ஹெலிகோபேக்டர் கிருமியும் சேர்ந்துகொண்டால் வயிற்றுக்குக் கஷ்டம்தான்.

ஆனால் புகையிலை மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. அதே கணக்கெடுப்பில் திரிபுரா 64.5 சதவீதம், மிசோரத்தை விட அதிகம். அங்கே கேன்சர் விகிதம் மிசோரத்தை விட ரொம்பக் குறைவு. எந்தப் புகையிலை, எந்த வயதில் ஆரம்பித்தது, கூட என்ன சாப்பிட்டார்கள் என்று எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

---

வயக்காட்டான் பதில்:

மேலே ரெண்டு பேரும் நல்லாப் படிச்சவங்க, சரி. ஆனா உரம், பூச்சி மருந்து பத்தி ஒரு வார்த்தை இல்லையே? பஞ்சாப்ல பதிண்டாவுல இருந்து பிகானேருக்கு ஒரு ரயிலே ஓடுது, பேரே கேன்சர் ரயில். வயசான விவசாயிங்க பெட்டி பெட்டியா போறாங்க. இதைவிட என்ன ஆதாரம் வேணும்? மண்ணைக் கெடுத்தா மனுஷனுக்கு வரும், அவ்வளவுதான்.

---

பழைய பதிவேட்டுக்காரன் பதில்:

வயக்காட்டான் அண்ணே, அந்த ரயிலைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், எண்ணிப் பார்த்ததைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பஞ்சாபில் பருத்தி விளையும் மான்சா, பக்கத்து சங்ரூர், அதோடு சண்டிகர் நகரம், மூன்றிலும் 2013 வாக்கில் பதிவேடு தொடங்கினார்கள். வயதைச் சீராக்கிப் பார்த்தபோது விகிதம் அதிகம் வந்தது சண்டிகரில், பருத்திக் காட்டில் இல்லை. பஞ்சாபின் பாட்டியாலா எண்ணும் டெல்லியை விடக் குறைவுதான், டெல்லி ஆண்களில் லட்சத்துக்கு 147. பூச்சி மருந்து நல்லது என்று நான் சொல்லவே மாட்டேன், அடிக்கிற ஆளுக்கு அது விஷம்தான். ஆனால் அந்த ரயில் சொல்வது வேறு கதை: பக்கத்தில் கட்டுப்படியாகும் ஆஸ்பத்திரி அப்போது இல்லை, பிகானேரில் இருந்தது. பிறகு சங்ரூரிலேயே டாட்டா மெமோரியல் ஆட்கள் ஆஸ்பத்திரி திறந்தார்கள். ரயிலில் கூட்டம் இருப்பதால் ஊரில் நோய் அதிகம் என்று முடிவு கட்ட முடியாது.

எண்ணிக்கை கம்மி என்றால் எண்ணவில்லை என்றும் எல்லா இடத்திலும் சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிராவில் பார்ஷி என்று ஒரு கிராமப்புறப் பதிவேடு, 1987இலிருந்து நடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் வர மாட்டார்கள் என்று தெரிந்து, ஊழியர்களே கிராமம் கிராமமாகப் போய் அறிகுறி உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கிற ஏற்பாடு அங்கே. அப்படியும் மொத்த விகிதம் பெருநகரங்களை விட நன்றாகக் குறைவு. குறிப்பாக மார்பகக் கேன்சர். சின்ன வயதில் கல்யாணம், நிறையப் பிள்ளைகள், நீண்ட நாள் தாய்ப்பால், இதெல்லாம் அதற்கு ஒரு காரணம். அதே வாழ்க்கை கருப்பை வாய்க் கேன்சர் விஷயத்தில் நேர் எதிர், அதைக் கூட்டிவிடும்.

---

மார்த்தாண்டத்துக்காரி பதில்:

நான் குமரி மாவட்டத்தில் நர்ஸாக இருக்கிறேன், முதியோர் பராமரிப்புதான் வேலை. மணல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு.

மணலில் தோரியம் என்ற கதிர்வீசும் தாது இருப்பது உண்மை. மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனமே அந்த மணலைப் பிரித்தெடுக்கிறது. கதிர்வீச்சு மற்ற இடங்களை விட அதிகம் என்பதும் உண்மை. தோரியம் கலந்த இதே மணல்தான் (மோனசைட் என்பார்கள்) கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளி பக்கத்திலும், நீண்டகரை, சவறா கடற்கரையில். அங்கே இதைப் பார்ப்பதற்காகவே 1990இல் தனிப் பதிவேடு ஆரம்பித்தார்கள். கிட்டத்தட்ட 70,000 பேரை, 30 வயதிலிருந்து 84 வயது வரை, வீட்டுக்குள்ளும் வெளியிலும் கதிர்வீச்சை அளந்து, சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அதிகக் கதிர்வீச்சு உள்ள வீட்டில் இருந்தவர்களுக்குக் கேன்சர் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை. உங்கள் சித்தப்பாவுக்கு இதை அனுப்புங்கள், படிக்க மாட்டார், பரவாயில்லை.

கேரளாவிலும் எங்கள் பக்கத்திலும் எண் ஏறுவதற்கு இன்னொரு காரணம், கண்டுபிடிப்பது. கழுத்தில் லேசாக ஏதோ தட்டுப்பட்டால் ஸ்கேன், ஊசி குத்தி டெஸ்ட். திருவனந்தபுரத்தில் பெண்களுக்குத் தைராய்டு கேன்சர் ஏறியதில் இதற்குப் பங்கு உண்டு, பாதி பேருக்கு அது தெரியாமலே போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றும். ஆண்களில் புராஸ்டேட்டும் அப்படித்தான், டெல்லி, புனே, கொல்கத்தா, திருவனந்தபுரம் என்று ஆயுளும் அதிகம், அதற்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பார்ப்பதும் அதிகம் உள்ள ஊர்களில் அது ரெண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது.

இதற்கு மறுபக்கம்தான் எனக்கு ஆத்திரம். எழுபதைத் தாண்டிய அம்மா ஒருத்தி ரெண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை என்பாள், மகன் "வயசாயிடுச்சுல்ல, ஜீரணம் ஆகாது" என்பான். குழாய் விட்டுப் பார்க்க வேண்டாம், பயாப்சி வேண்டாம், "இந்த வயசுல எதுக்குக் குத்திக் கிழிக்கணும்". வீட்டிலேயே இறந்து போவாள், முதுமை என்று எழுதி முடிப்பார்கள். நாடு முழுவதும் 2020இல் பதிவான இறப்புகளில் டாக்டர் காரணம் எழுதிக் கொடுத்தது 22.5 சதவீதத்துக்குத்தான். நம் நாட்டுப் பதிவேடுகள் பலவற்றில் 75 தாண்டியதும் கேன்சர் விகிதம் கீழே இறங்குவது போலத் தெரியும், வெளிநாட்டில் அந்த வயதிலும் ஏறிக்கொண்டே போகும். நம் கிழவர்கள் அவ்வளவு திடமானவர்கள் என்றா அர்த்தம்? தேடவில்லை, அவ்வளவுதான். ஒரு மாநிலத்தில் முதியவர்களுக்குக் கேன்சர் அதிகம் என்று எண் வந்தால், அந்த மாநிலத்தில் முதியவர்களை யாரோ டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள் என்றும் அர்த்தம்.

---

தாமிரபரணிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, அம்மாவுக்கு ஒவ்வொரு பதிலாகப் படித்துக் காட்டினேன். கருநாகப்பள்ளி விஷயத்தில் முகம் கொஞ்சம் தெளிந்தது. ரெண்டாவது கேள்விக்கு மட்டும் யாராவது சொல்லுங்கள். 67 வயதில் ஊர் மாறினால் ரிஸ்க் மாறுமா? அப்பா முப்பது வயதிலிருந்தே வெற்றிலையோடு புகையிலை போட்டவர், பேரன் பிறந்த பிறகுதான் விட்டார்.

---

பழைய பதிவேட்டுக்காரன் பதில்:

மாறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடியேறியவர்களை நீண்ட காலம் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் வயிற்றுக் கேன்சர் அதிகம், அமெரிக்காவில் குறைவு. வளர்ந்த பிறகு போன முதல் தலைமுறைக்கு வயிற்றுக் கேன்சர் விகிதம் பெரிதாகக் குறையவில்லை, அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் நன்றாகக் குறைந்தது. அதுவும் சும்மா இல்லை, அமெரிக்கச் சாப்பாட்டோடு பெருங்குடல் கேன்சர் ஏறியது. 67 வயதுக்காரரின் உடம்பில் ஏற வேண்டியது முப்பது நாற்பது வருடம் முன்பே ஏறியாயிற்று. இப்போது குளச்சல் காற்று அதைக் கூட்டவும் போவதில்லை, குறைக்கவும் போவதில்லை. புகையிலையை விட்டது மட்டும் இந்த வயதிலும் பலன் தரும்.

அப்புறம், சென்னையை ஏதோ பத்திரமான இடம் போல உங்கள் அம்மா நினைக்கிறாரே! மார்பகக் கேன்சரில் அந்த 2020 அறிக்கைப்படி லட்சம் பெண்களுக்கு ஹைதராபாத் 48, அடுத்தது சென்னை 42.2, அதற்குப் பிறகுதான் பெங்களூரு, டெல்லி. வயிற்றுக் கேன்சரிலும் மற்ற பெருநகரங்களை விடச் சென்னை பல காலமாக மேலேதான். ஆனால் கருப்பை வாய்க் கேன்சர் 1982இலிருந்து சென்னையில் நன்றாக இறங்கியிருக்கிறது. ஒரே ஊருக்குள்ளேயே ஒன்று ஏறும், ஒன்று இறங்கும்.

---

வயக்காட்டான் பதில்:

சண்டிகர் விஷயம் தெரியாது, தேடிப் பாக்குறேன். ஆனாலும் பூச்சி மருந்து டப்பாவுல தண்ணி மொண்டு குடிக்கிறவனைப் பாத்தவன் நான், அதை எந்த அட்டவணையும் எடுத்துக்காது.

---

மார்த்தாண்டத்துக்காரி பதில்:

தாமிரபரணி தம்பி, வெற்றிலையும் புகையிலையும் என்று இப்போதுதானே சொல்கிறீர்கள், முதலில் சொல்ல வேண்டியது அதுதான். வீடு எங்கே என்பதை விட இது முக்கியம்.

அரசின் பொதுப் பரிசோதனைத் திட்டம் 2016 வழிகாட்டுதல்படி 30 முதல் 65 வயது வரைதான், வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. உங்கள் அப்பா அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார், அதனால் யாரும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். ஒரு பல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ கூட்டிப் போய், பழைய புகையிலைப் பழக்கத்தைச் சொல்லி, நாக்குக்கு அடியும் கன்னத்தின் உட்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். பல் செட் இருந்தால் கழற்றிவிட்டுக் காட்ட வேண்டும், நிறையப் பேர் வெட்கப்பட்டுக் கழற்றுவதில்லை. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முன்பு போலத் திறக்காமல் இறுகுவது, இதில் எது இருந்தாலும் தள்ளிப் போட வேண்டாம்.

அம்மாவுக்கு 63 என்றால் இன்னும் திட்டத்துக்குள்தான் இருக்கிறார், ஊர் மாறுவதற்கு முன் சென்னையிலேயே முடித்துவிடலாம், அடையாறிலும் பார்க்கிறார்கள். மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே சொல்லச் சொல்லுங்கள். மகனிடம் சொல்லக் கூச்சப்படுவார், உங்கள் வீட்டுக்காரம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

வீடு கட்டுவது உங்கள் இஷ்டம். ஆனால் பிளானில் கீழ்த்தளத்திலேயே ஒரு படுக்கை அறையும் மேற்கத்திய டாய்லெட்டும் வைக்கச் சொல்லுங்கள், இங்கே மாடியில் அறை வைத்துவிட்டுத் தவிக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் போக வண்டி வசதி உள்ள ரோடு பக்கம்தானா அந்த இடம்?